பணமும் பதவியும் பறித்த படங்கள்

தோழனே!

ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். படம் ஒன்று பார்க்கலாம் என்று எண்ணியிருப்பாய். நானும் உன்னைப் படத்துக்குத்தான் அழைக்கிறேன். ஆனால், நான் காட்டப் போகும் படங்கள் எந்தக் கொட்டகையிலும் ஓடாதவை. எடுக்க நினைத்தவர் ஒருவர், எடுக்கவிடாதவர் இருவர். அந்த இருவரில் ஒருவர் பெயர் பணம்; மற்றவர் பெயர் பதவி.

செர்கெய் ஐசன்ஸ்டைன் — 1898இல் ரிகா நகரிலே பிறந்தவர். பொறியியல் படிப்பைப் பாதியிலே விட்டுச் செம்படையிலே சேர்ந்தவர். படையிலிருந்து நாடக மேடைக்கு வந்தார். மேடையிலிருந்து திரைக்கு வந்தார். 1925இல் ‘போர்க்கப்பல் பொடம்கின்’ தந்தார். புழுத்த இறைச்சியைத் தின்ன மறுத்த மாலுமிகளின் எழுச்சி அது! ஒடெசா படிக்கட்டிலே குழந்தையோடு உருண்டோடிய வண்டியைக் கண்டு உலகம் உறைந்தது. பிரிட்டன் அஞ்சியது, 1926இல் போட்ட தடையை 1954 வரை எடுக்கவில்லை. பகைவன் தடுத்தான்; அதிலே வியப்பில்லை. வியப்பு இனிமேல்தான் இருக்கிறது.

1927இல் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. மார்க்சின் ‘மூலதனம்’ நூலைப் படமாக்குவது என்பதே அந்த ஆசை! நகைக்காதே, தோழா. ஏடு ஏடாகக் குறிப்பு எழுதினார். வீடு திரும்பும் கணவனுக்காக ஒருத்தி சூப்புக் காய்ச்சுகிறாள். அதிலே தூவும் மிளகிலிருந்து எண்ணம் கிளம்பிச் சிறைத்தீவுக்குத் தாவுகிறது. அங்கிருந்து போருக்குத் தாவுகிறது. ஒரு பிடி மிளகிலே ஓர் உலகின் சுரண்டலைக் காட்ட நினைத்தார். நினைப்பு ஏட்டோடு நின்றது.

1930இல் ஹாலிவுட் அழைத்தது. பாரமவுண்ட் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. தங்க வேட்டைக்காரர் கூட்டத்தால் சீரழிந்த சட்டர் என்பவரின் கதையை எழுதிக் கொடுத்தார், வேண்டாம் என்றனர். டிரைசரின் ‘ஓர் அமெரிக்கத் துயரம்’ நாவலை எழுதிக் கொடுத்தார். ஏழை இளைஞன் ஒருவன், செல்வத்தின் மினுமினுப்பிலே மயங்கிக் கொலைக் குற்றத்திலே சிக்கும் கதை. “அந்த இளைஞன் குற்றவாளியா?” என்று கேட்டார்களாம். “இல்லை” என்றாராம் ஐசன்ஸ்டைன். அவன் குற்றவாளி இல்லையென்றால், அவனை அப்படி ஆக்கிய சமுதாயமன்றோ கூண்டில் ஏறவேண்டும்! அந்தச் சமுதாயத்தின் பணப்பெட்டி எப்படித் திறக்கும்? பொதுவுடைமைக்காரன் என்றும் யூதன் என்றும் வெளியே வசை பொழிந்தது ஒரு கூட்டம். 1930 அக்டோபரிலே ஒப்பந்தம் முறிந்தது. 1931இல் வேறோர் இயக்குநரின் கையால் அந்நாவல் படமாயிற்று. நாவலாசிரியரே அதை எதிர்த்து வழக்கு மன்றம் ஏறினார் என்றால், படம் எப்படியிருந்திருக்கும் என்பதை நீயே எண்ணிக்கொள்.

பணம் தடுத்த கதை இது. ‘முதலாளி அப்படித்தான்’ என்று நீ சொல்லிவிடலாம். அடுத்ததையும் கேள்.

மெக்சிகோ மண்ணைப் படமாக்கச் சென்றார். பணம் கொடுத்தவர் அப்டன் சின்கிளேர் — இறைச்சித் தொழிற்சாலைகளின் கொடுமையை எழுதி அமெரிக்காவை உலுக்கிய சமதர்ம எழுத்தாளர். சில மாத வேலை என்று தொடங்கியது ஓராண்டைத் தாண்டியது, செலவும் ஏறியது. 1931 நவம்பரிலே ஸ்டாலினிடமிருந்து சின்கிளேருக்குத் தந்தி போயிற்று. தோழர்களின் நம்பிக்கையை ஐசன்ஸ்டைன் இழந்துவிட்டார் என்றது தந்தி. 1932 தொடக்கத்திலே படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது. இறுதிப் பகுதி எடுக்கப்படவே இல்லை. எடுத்த பல மணி நேரப் படச்சுருளைத் தொகுக்கும் உரிமை எடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. பிறர் வெட்டினர், பிறர் ஒட்டினர், பிறர் வெளியிட்டனர். பெற்றவளிடம் காட்டாமலே பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை!

தாயகம் திரும்பினார். ‘பெழின் புல்வெளி’ என்ற படத்தை 1935இல் தொடங்கினார். நோயிலே படுத்தார், எழுந்து வந்தார். திருத்தச் சொன்னார்கள், திருத்தினார். ஐசக் பாபெல் என்ற பெரும் எழுத்தாளரைத் துணைக்கு வைத்து மீண்டும் எழுதினார். 1937 மார்ச்சிலே, நிறுத்து என்றார் திரைத்துறைத் தலைவர் ஷும்யாட்ஸ்கி. நிறுத்தியதோடு விட்டார்களா? ‘என் தவறுகள்’ என்று அவர் கையாலேயே எழுத வைத்தார்கள். படம் அழிந்தது. எஞ்சிய துண்டுச் சட்டங்களை அடுக்கிப் பார்க்கவே 1960கள் வரவேண்டியிருந்தது.

தடுத்தவர் வாழ்ந்தாரா? 1938இல் ஷும்யாட்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். 1940இல் பாபெல் சுட்டுக் கொல்லப்பட்டார். கோடரிக்கு ஆள் அடையாளம் தெரியாது, தோழனே! வெட்டப்பட்டவனையும் வெட்டியவனையும் ஒரே குழியிலே தள்ளும்.

‘கொடிய இவான்’ மூன்று பாகமாகத் திட்டமிடப்பட்டது. முதற் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு! இரண்டாம் பாகத்துக்கு 1946இல் கட்சி மத்தியக் குழுவின் கண்டனம்! 1947 பிப்ரவரியிலே கிரெம்ளினுக்கு அழைத்தனர். இவானின் தாடியைப் பற்றியும் பேச்சு; முத்தக் காட்சியின் நீளத்தைப் பற்றியும் பேச்சு. கொடுமை ஏன் தேவைப்பட்டது என்பதைக் காட்டவேண்டும் என்றும் பாடம் சொன்னார் ஸ்டாலின். மூன்றாம் பாகம் முடியவில்லை. 1948 பிப்ரவரியிலே, ஐம்பது வயதிலே, இதயம் நின்றது. இரண்டாம் பாகம் திரைக்கு வந்த ஆண்டு 1958. எடுத்தவரும் இல்லை, தடுத்தவரும் இல்லை. படம் மட்டும் இருந்தது!

“பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்கக் கூடாதா? கட்சி கருத்துச் சொல்லக் கூடாதா?” என்று கேட்பாய். கேட்கட்டும், சொல்லட்டும். மெக்சிகோவிலே செலவு மிஞ்சியது உண்மை. சின்கிளேர் கணக்குக் கேட்டது முறை. ஆனால், கணக்குக் கேட்பது வேறு; கழுத்தை நெரிப்பது வேறு. படம் பிடிக்கவில்லையென்றால் எதிர்த்து எழுது, எதிர்த்துப் பேசு, இன்னொரு படம் எடுத்துக் காட்டு. பிறக்குமுன்னே கொல்லாதே!

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன்? நம் இயக்கம் மேடையிலே வளர்ந்த இயக்கம். 1954இல் இங்கே ஒரு நாடகச் சட்டம் வந்தது. நாடகப் பிரதியை அதிகாரி முன்னே வைக்கச் சொல்லும் சட்டம். எம்.ஆர். இராதாவின் மேடையை மனத்திலே வைத்தே அது வந்தது என்று நாடு பேசிற்று. அன்று கொதித்தோம். 1967இல் ஆட்சி மாறியது, சட்டம் மாறியதா? 2013இல் உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லும் வரை, ஆட்சிக்கு வந்த எவரும் அதைத் தூக்கி எறியவில்லை. நம்மவரும் எறியவில்லை. நாடகம் எழுதும் நான் இதை நம் ஏட்டிலேயே எழுதுகிறேன், நாணத்தோடுதான் எழுதுகிறேன்.

பகைவன் கையிலே இருக்கும்போது கத்தரிக்கோல் கொடிது. நம் கைக்கு வந்தவுடன் அது காவற்கருவி ஆகிவிடுமோ? ஐசன்ஸ்டைனை அமெரிக்கப் பணம் விரட்டியது. அவர் தாங்கிப் பிடித்த கொடியே அவரை வாட்டியது. முன்னது அவருக்கு இழப்பு. பின்னது அந்தக் கொடிக்கு இழுக்கு.

நாளை உன் கையிலே அதிகாரம் வரலாம், தோழனே. உனக்குப் பிடிக்காத ஒரு நாடகம், ஒரு படம், உன் மேசைக்கு வரும். கையெழுத்திடுமுன், ஓடாத அந்தப் படங்களை ஒருமுறை நினைத்துப் பார்!