மின்சாரக் காருக்குக் கூடுதல் வசதி: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

மின்சாரக் கார் வாங்க ஒரு குடும்பம் முடிவு செய்கிறது. பெட்ரோல் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறது. கடன் வாங்கவும் துணிந்து ஷோரூமுக்குப் போகிறது.

அங்கே இரண்டாவது விலை ஒன்று காத்திருக்கிறது!

"சார், இன்னும் 50 ஆயிரம் போட்டால் சீக்கிரம் சார்ஜ் ஏறும். அதற்கு மேல் போட்டால் கண்ணாடிக் கூரை. பெரிய சக்கரம் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும்" என்று விற்பனையாளர் அடுக்குகிறார்.

பையன் கண்ணாடிக் கூரை வேண்டும் என்கிறான். அப்பாவுக்குப் பெரிய சக்கரத்தின் மீது கண்.

"ஏங்க, மாசத் தவணை எவ்வளவு கூடும்னு முதல்ல கேளுங்க" என்கிறார், அம்மா.

அம்மா கேட்டதுதான் கேள்வி. 50 ஆயிரம் ரூபாயைக் கடனோடு சேர்த்து, 9 சதவீத வட்டியில், 7 ஆண்டுகளில் கட்டினால் மாதம் சுமார் 805 ரூபாய் கூடும். கடன் தீரும்போது கொடுத்த பணம் 67 ஆயிரத்து 500 ரூபாயைத் தாண்டி இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை உண்டு.

வேக சார்ஜர் வேண்டுமா?

டாடா நிறுவனம் 2022-ல் தியாகோ மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. அதில் வீட்டில் சார்ஜ் ஏற்ற இரண்டு வகை இருந்தன. ஒன்று 3.3 கிலோவாட். மற்றொன்று 7.2 கிலோவாட். பின்னதற்கு ரூ.50 ஆயிரம் கூடுதல்.

இரண்டு மடங்கு வேகம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் 7 அல்லது 8 கிலோமீட்டர் ஓடும். தாம்பரத்தில் இருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்த் திரும்பினால் சுமார் 35 கிலோமீட்டர். செலவு 5 யூனிட். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். ஆக, இரண்டு மணி நேரம் போதும்!

இரவு 10 மணிக்குச் செருகினால் 12 மணிக்கு வேலை முடிந்துவிடும். வேக சார்ஜர் இருந்தால் 11 மணிக்கே முடியும். வீட்டார் தூங்கும்போது எப்போது முடிந்தால் என்ன?

வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். தினம் 150 கிலோமீட்டர் போகிறவருக்கும் வேண்டும். மற்றவர்களுக்கு வீண் செலவு.

ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலையில் உள்ள பெரிய சார்ஜர் வேறு. அது நேர் மின்சாரத்தை நேராகப் பாட்டரிக்கே அனுப்புகிறது. வீட்டு சார்ஜருக்கு 50 ஆயிரம் கொடுத்தவருக்கு அங்கே ஒரு நிமிஷம்கூட மிச்சம் ஆகாது.

இன்னொன்று: 7.2 கிலோவாட்டுக்கு 32 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். பழைய வீட்டுக் கம்பி தாங்காது. வீட்டின் மின்பளு போதாவிட்டால், அதைக் கூட்டச் சொல்லி மின்வாரியத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வயரிங்குக்குச் செலவிடுவது நல்லது. மீட்டரில் இருந்து காருக்கென்று தனி லைன், கனமான செம்புக் கம்பி, ஒழுங்கான எர்த். எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜே ஏற்றிக்கொள்ளாது. காரின் விலைப் பட்டியலில் எர்த் இருக்காது. அதனால்தான் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பெரிய பாட்டரி

இதற்குப் பணம் கொடுக்கலாமா? வீட்டில் அது ஒன்றே கார் என்றால், கொடுக்கலாம்.

விளம்பரத்தில் சொல்லும் தூரம் சோதனையில் கிடைத்த தூரம். ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, பாலம் ஏறி இறங்கினால் அது குறையும். சென்னையில் இருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். சிறிய பாட்டரியோடு கிளம்பினால் பொங்கலுக்கு ஊர் போகிறவர் வழியெல்லாம் முள்ளையே பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

சீட் உறை, கால் மிதி, கேமரா எல்லாம் பிறகு வாங்கலாம். பெரிய பாட்டரியும் காற்றுப் பையும் பிறகு வாங்க முடியாது. அவற்றை முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

கண்ணாடிக் கூரை வேண்டாம். சித்திரை வெயிலில் அது வீட்டுக்குள் அடுப்பு வைத்தது போல. உள்ளே வரும் சூட்டை விரட்ட ஏ.சி. கூடுதலாக உழைக்கும். பெரிய சக்கரமும் வேண்டாம். ஓடும் தூரம் குறையும், டயர் விலை கூடும், பள்ளத்தில் விழுந்தால் அடியும் அதிகம். காற்று வரும் சீட் இருந்தால் நல்லது. முதுகு வேர்க்காது.

சிவப்பு வர்ணம் ரூ.1.85 லட்சம்!

டெஸ்லா கம்பெனி 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தது. சிவப்பு வர்ணம் வேண்டும் என்றால் ரூ.1.85 லட்சம் கூடுதல் என்றது. தானே ஓட்டும் வசதிக்கு ரூ.6 லட்சம். அந்த வசதி அப்போது இந்தியச் சாலைக்கு வரவே இல்லை! பின்னால் வரப்போவதற்கு முன்னால் பணம் கொடுப்பது பணக்காரர் விளையாட்டு.

ஊருக்கு ஊர் தேவை மாறும். நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். அங்கே 'ஹீட் பம்ப்' என்னும் கருவி பெரிய வரம். குறைந்த மின்சாரத்தில் காரைச் சூடாக்கும். பனியில் ஓடும் தூரம் அதிகம் குறையாமல் காக்கும். சென்னையில் காரைச் சூடாக்கச் சூரியனே போதும்.

காரில் இருந்து வீட்டுக்கு மின்சாரம்

சிலர் சிரித்துவிட்டுத் தள்ளும் வசதி இது. உண்மையில் இதுதான் காசு பெறும்.

சில மின்சாரக் கார்களில் ஒரு பிளக் மூலம் மின்சாரத்தை வெளியே எடுக்கலாம். 2023-ல் வந்த நெக்சான் மின்சாரக் காரில் இந்த வசதி உண்டு.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கியது. பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் செத்தது. பால் கெட்டது. பிரிட்ஜில் வைத்த இன்சுலின் என்ன ஆகுமோ என்று நோயாளிகள் தவித்தார்கள்.

ஒரு பிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் போதும். இரண்டு விசிறி, நாலு விளக்கு, செல்போன் எல்லாம் சேர்த்தாலும் 4 யூனிட்டுக்குள் அடங்கும். காரில் 20 யூனிட் மீதி இருந்தால் ஐந்து நாள் ஓட்டலாம். காரை மட்டும் மேட்டில் நிறுத்தி இருக்க வேண்டும்.

ஆனால் கம்பெனிகள் கெட்டிக்காரத்தனம் செய்கின்றன. இதுபோன்ற நல்ல வசதியை விலை உயர்ந்த ரகத்தில் வைத்து, அதோடு கண்ணாடிக் கூரையையும் கட்டி விற்கின்றன. வேண்டிய ஒன்றுக்காக வேண்டாத நாலை வாங்க வேண்டி இருக்கிறது. இது நியாயம் இல்லை. தனியாகக் கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கமும் இல்லை.

கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி பாக்கி. "ஸ்டெப்னி உண்டா?" சில மின்சாரக் கார்களில் அது கிடையாது. பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் பம்பும்தான் கொடுப்பார்கள். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பசை உதவாது.

"மழை நீர் புகுந்து பாட்டரி கெட்டால் இன்சூரன்ஸ் பணம் வருமா?" சாதாரணப் பாலிசியில் இதற்கு முழுப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். பாட்டரிக்கென்று தனிப் பாலிசி சேர்க்க முடியும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் இருப்பவர்கள் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சீட் உறையின் நிறத்தைப் பார்க்கலாம்.