ஓசி டிவியா? யார் காசு?

2007-ல் நான் கல்லூரியில் படித்தபோது, ஸ்கைப்பைத் தந்தவர்கள் தொடங்கிய 'ஜூஸ்ட்' இணைய டிவிக்கு நண்பன் அழைப்பு அனுப்பினான். ஆஹா, ஓசி டிவின்னு குதிச்சேன்!

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரம் பார்த்தால் 320 எம்.பி. இறங்கும். நாம் பார்ப்பதை நம் கணினியே மற்றவர்களுக்கும் அனுப்புவதால் 105 எம்.பி. ஏறும். எங்க வீட்டு இணைப்புக்கோ மாதம் முழுக்க 1 ஜி.பி.தான். இரண்டரை மணி நேரத்தில் காலி! அதுக்கு மேல அப்பா காசு.

பகிர்ந்து பார்ப்பது நல்ல யோசனைதான். அப்பாவிடம் கேட்காமல் பார்த்ததுதான் என் தப்பு. இன்று ஜூஸ்ட் இல்லை. 'இலவசம்' என்ற சொல் மட்டும் உங்கள் கைப்பேசியில் தினமும் வருகிறது. தொடுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது யார் காசு?"

– கணினி ஆசிரியர்