மழையும் மாற்று நாளும்



பெரிய ஆட்டம் ஒன்று வரப்போகிறது என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. "உம்மா, மழை வருமா? மாட்ச் நடக்குமா?" என்று வாசலுக்கும் தொலைக்காட்சிக்கும் நடையாய் நடப்பார்கள். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் பிறந்த பிள்ளை வேறு எதைக் கேட்கும்? அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். அதை வைத்தே ஒரு நல்ல பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டங்களில் பெரும்பாலானவை நம் நாட்டில் நடந்தன. தென்மேற்குப் பருவமழை முற்றாக ஓயாத மாதம் அது. 2ஆம் திகதி பல்லேகலையில் இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்தது. பிறகு பிடித்த மழையில் பாகிஸ்தான் துடுப்பெடுத்தாட இறங்கவே இல்லை, ஆட்டம் கைவிடப்பட்டது. 10ஆம் திகதி அதே இரு அணிகளும் கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் சந்தித்தன. அன்றும் மழை. ஆனால் இம்முறை மறுநாளை மாற்று நாளாக முன்கூட்டியே ஒதுக்கியிருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். இந்தியா 228 ஓட்டங்களால் வென்றது. 'சூப்பர் நான்கு' சுற்றில் வேறெந்த ஆட்டத்துக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அது நியாயமா என்று அன்று பலரும் கேட்டார்கள்.

உதைபந்தாட்டத்தைப் பாருங்கள். வழக்கமாக ஜூன், ஜூலையில் நடக்கும் உலகக் கிண்ணத்தை, கட்டாரின் கடும் வெயிலுக்கு அஞ்சி, 2022இல் நவம்பர் 20 முதல் டிசெம்பர் 18 வரை என்று மாற்றிவிட்டார்கள். வானிலையை யாராலும் மாற்ற முடியாது. நாளை மாற்றலாம், அதுவும் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களால்.

இனி நம் ஊருக்கு வருவோம். கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறுமுன்தான் பால் நன்றாக வடியும். அந்த நேரத்தில் மழை பெய்து பட்டை நனைந்தால், பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரமெங்கும் பரவி வழிந்துவிடும். சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் சேர்ந்த பாலும் வீண். மரத்துக்கு மழைக்காப்புக் கட்டும் முறை உண்டு. கட்டாத மரங்களில் அன்று வெட்டு நடக்காது. வேறு வேலையும் கிடைக்காவிட்டால் அன்றைய 'பேர்' இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. அந்த நாளுக்கு மாற்று நாள் வைக்க எவரும் இல்லை.

ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தன்று, மழையில் நனைந்து மைதானத்தை மூடித் திறந்த கொழும்பு, பல்லேகலைப் பணியாளர்களுக்கு 50,000 டொலர் பரிசு அறிவித்தார்கள். நல்ல செயல். பால்வெட்டும் பெண்ணுக்கு யார் அறிவிப்பது?

சகோதரிகளே, அவள் அரிசியும் மாவும் கடனுக்கு வாங்கும் கடை உங்கள் வீட்டுக் கடையாக இருக்கலாம். மழை மாதத்தில் அவளுடைய சம்பளம் குறையும். கடன் கொப்பியில் கணக்கு ஏறும். அப்போது உங்கள் கணவரிடம் மெல்ல ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இந்த மாதம் நெருக்க வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம்." கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி நம் மார்க்கம் கட்டளையிடுகிறது. மாற்று நாள் என்பதும் அந்த அவகாசம்தானே!

அடுத்த முறை பிள்ளை வானத்தைப் பார்த்து "மாட்ச் நடக்குமா?" என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு, "மலையில் இன்று வெட்டு நடந்ததா, தெரியுமா?" என்று நீங்களும் கேளுங்கள். மழை இரண்டு இடத்திலும் பெய்கிறது என்பதை அது தெரிந்து வளரட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.