முட்டிக்கு முன்னால் ஒரு பெட்டி

வேட்டிக்குக்கூட பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டார்கள். பழைய ஸ்கூட்டருக்குத்தான் இன்னும் உருப்படியான பாக்கெட் இல்லை. இடது பக்க டிக்கி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைத் திறந்தால் ஆர்.சி. புக் ஜெராக்ஸ், கிழிந்த மழைக்கோட்டு, எந்த வண்டிக்கும் சேராத ஒரு போல்ட், எப்போதோ முடிந்துபோன கல்யாணத்தின் பத்திரிகை எல்லாம் இருக்கும். பிளக் ஸ்பானர் மட்டும் இருக்காது.

அதனால்தான், தாத்தா காலத்து சேத்தக்கைத் தூசி தட்டி ஆபீசுக்கு எடுக்கிற இளைஞர்களுக்கு ஓர் ஆசை வருகிறது. லெக் ஷீல்டின் உள்பக்கம், முட்டிக்கு நேராக, அளவெடுத்துச் செய்த ஒரு டூல்ஸ் பெட்டி. பேராசை ஒன்றும் இல்லை. எல்.எம்.எல். வெஸ்பாவில் கம்பெனியே அந்த இடத்தில் ஒரு பெட்டி வைத்துத்தான் கொடுத்தது. இடது பக்க டிக்கிக்குள் ஸ்டெப்னி குடியேறிவிட்டதே, வேறு என்ன செய்வார்கள்?

ஆசை சரி, செய்கிற முறைதான் வயிற்றைக் கலக்குகிறது. தெருமுனைப் பட்டறை, 4 ஓட்டை, 20 நிமிஷம். ‘முடிஞ்சுது சார், எடுத்துக்குங்க!’

கொஞ்சம் பொறுங்கள். ஓட்டை போடுமுன் உங்கள் வண்டி என்ன ஜாதி என்று பாருங்கள். ஸ்கூட்டரில் ஜாதி இரண்டொழிய வேறில்லை: வெஸ்பா, லாம்ப்ரெட்டா.

வெஸ்பா 1946-ல் இத்தாலியில் பிறந்தது. வரைந்தவர் கொராடினோ தஸ்கானியோ, விமான இன்ஜினீயர். ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த மனிதர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. அதனால் மோட்டார் சைக்கிள் மாதிரி உள்ளே ஒரு சட்டம் வைக்காமல், வளைத்த தகடுகளையே பற்றவைத்து உடம்பாக்கிவிட்டார். நண்டுக்கு உள்ளே எலும்பு கிடையாது, ஓடுதான் எலும்பு. வெஸ்பாவும் அப்படித்தான். 1972-ல் வந்த நம் சேத்தக்கும் அதே வம்சம். அதன் லெக் ஷீல்டு கால் மறைக்கும் தட்டி இல்லை, உடம்பிலேயே ஒரு பாகம்.

லாம்ப்ரெட்டா வேறு கதை. உள்ளே குழாய்ச் சட்டம். தகடெல்லாம் மேலே போட்ட சட்டை. லக்னோவில் செய்த விஜய் சூப்பரும் இந்த வகை. இதில் லெக் ஷீல்டைக் கழற்றலாம், கெட்டுப்போனால் வேறு தேடி மாட்டலாம். சேத்தக்கில் அந்த வசதி இல்லை. சட்டை கிழிந்தால் டெய்லரிடம் போகலாம், தோல் கிழிந்தால்?

எங்கள் ஆபீசில் ஒரு தம்பி இருக்கிறான். அப்பாவின் சேத்தக். அப்பா இப்போது இல்லை. அந்தக் காலத்தில் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. அம்மாவுக்கு அதை கவர் போட்டு மூடி வைக்கவேண்டும். தம்பிக்கு தினம் ஓட்டவேண்டும். ‘ஓட்டிக்கோ, ஆனா அப்பா வண்டியில ஓட்டை போட்டா என்கிட்ட பேசாதே’ என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவன் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் போனான். கூடவே நானும்.

“ஓட்டை போடாம பெட்டி வைக்கணும் பாய்.”

“ஆம்லெட் வேணும், முட்டை ஒடைக்கக் கூடாதுங்கிறே” என்றார். பிறகு, “பரவால்ல தம்பி. ஒரு அட்டைப்பொட்டி எடுத்துட்டு வா” என்றார்.

அட்டையை வெட்டி பெட்டியாக மடித்து, லெக் ஷீல்டில் இடது பக்கம் டேப் போட்டு ஒட்டினார். ஏன் இடது என்று கேட்டேன். “பின் பிரேக்கு எந்தக் கால்ல சார்?” வலது காலில். வலது பக்கம் பெட்டி வைத்தால், அவசரத்துக்கு பிரேக்கைத் தேடுகிற கால் பெட்டியில் இடிக்கும். மேலும் சேத்தக்கின் இன்ஜின் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஏற்கெனவே கனம்.

தம்பியை ஏறி உட்காரச் சொன்னார். பேன்ட், ஷூ, முதுகில் லேப்டாப் பை, எல்லாவற்றோடும். ஹாண்டில் பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். முட்டி இடித்த இடத்தில் பேனாவால் கோடு. கிளட்ச்சைப் பிடித்த விரல் அட்டையில் உரசியது, அங்கேயும் கோடு. கோடு போட்ட இடமெல்லாம் வெட்டினார். அரை மணியில் பெட்டி இளைத்துவிட்டது.

அடுத்தது கனம். உத்தேசமாக 35 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தால் வெறும் பெட்டியே 2 கிலோவைத் தாண்டும். அதே கனத்தில் அலுமினியம் என்றால் முக்கால் கிலோவுக்குள். ஹாண்டில் பார் பக்கம் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் மேடு பள்ளத்தில் மெல்லிய தகட்டை ஆட்டிக்கொண்டே இருக்கும். தம்பி அலுமினியம் என்றான்.

பெட்டியை மாட்ட, லெக் ஷீல்டின் விளிம்பைப் பிடிக்கிற மாதிரி வளைத்த 2 பட்டை கிளாம்ப். அப்பா காலத்தில் முன் கூடை மாட்டிய பழைய ஓட்டைகள் 2 இருந்தன. அதிலேயே 2 போல்ட். தகடும் தகடும் தொடும் இடமெல்லாம் பழைய டியூபை வெட்டி ரப்பர். புது ஓட்டை, பூஜ்யம். அம்மா நேரில் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தம்பியோடு பேசினார்.

பழைய ஓட்டை இல்லாதவர்கள் என்ன செய்வது? முடிந்தவரை கிளாம்ப். முடியாவிட்டால் இரண்டே சின்ன ஓட்டை, அதுவும் நடுத் தூணை விட்டுத் தள்ளி. கியர் கேபிள், கிளட்ச் கேபிள், ஒயர் எல்லாம் அந்தத் தூணுக்குள்தான் இறங்குகின்றன. ட்ரில் அரை அங்குலம் தவறினால் கியர் உங்கள் பேச்சைக் கேட்காது. ஓட்டை போட்டதும் அதன் விளிம்புக்கு பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள். விட்டால் அடுத்த மழைக்கு அங்கிருந்து வெற்றிலைச் சாறு மாதிரி துரு வழியும். வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். பெயின்ட் இரண்டு பக்கமும் கருகும். சீட்டுக்கடியில் பெட்ரோல் டாங்க் இருப்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. மூடிக்குப் பூட்டு, அல்லது இறுக்கமான கொக்கி. ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து எடுப்பது நம் தேசிய வழக்கமாயிற்றே! மூடி சரியில்லையென்றால் சிக்னலில் ஸ்பானர் மழை பொழியும்.

உள்ளே என்ன வைக்கலாம்? பிளக் ஸ்பானர், ஒரு புது பிளக், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், கிளட்ச் கேபிள் ஒன்று, கியர் கேபிள் ஒன்று, சின்ன 2டி ஆயில் பாட்டில், துடைக்கப் பழைய பனியன். எல்லாவற்றையும் துணியில் சுருட்டிக் கட்டுங்கள், இல்லையென்றால் ஆபீஸ் வரை கச்சேரிதான். ரசம் ஊற்றிய டிபன் பாக்ஸ் வைக்கக் கூடாது. பிளக்குக்குக் கரி போதும், புளி வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. வேலை முடிந்ததும் பெட்டியை ஒருமுறை கழற்றச் சொல்லிப் பாருங்கள். கழற்றிய பிறகு வண்டி பழையபடியே இருந்தால் பட்டறைக்காரருக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கலாம். டீயும் வாங்கிக் கொடுங்கள்.