தொலைவில் மருத்துவர், அருகில் யார்?

நோய் வந்தால் மருத்துவரைத் தேடி நாம்தான் போக வேண்டும் என்பது காலங்காலமாக நாம் கண்ட வழக்கம். கம்பைநல்லூரிலிருந்து தருமபுரி அரசு மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேருந்துப் பயணம், சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை என்று ஒரு பகல் கழிகிறது. துணைக்குச் செல்லும் மகளுக்கு அன்றைய கூலி இல்லை. முடிவில் கிடைப்பது, "அதே மாத்திரையைத் தொடருங்கள்" என்ற ஒரு சொல்லாகவும் இருக்கலாம்!

இந்த அலைச்சலைத் தொலை மருத்துவம் குறைக்கும். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச்சில் நடுவண் அரசு இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' வழியாக வீட்டிலிருந்தபடி மருத்துவரைக் காணும் வசதி வந்தது. கட்டணமில்லை. கைபேசி எண்ணைப் பதிந்து, டோக்கன் பெற்றுக் காத்திருந்தால் மருத்துவர் திரையில் தோன்றுவார். மருந்துச் சீட்டும் கைபேசிக்கே வரும்.

நாடி பிடிக்காமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் நோயறிய முடியுமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. நேரில் பார்த்தாக வேண்டும் என்று தோன்றினால் நோயாளியை அழைக்க வேண்டியது மருத்துவரின் கடமை என்று அந்த நெறிமுறைகளே கூறுகின்றன. போதை தரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதிக் கொடுக்கவும் தடை உண்டு. நெஞ்சுவலி வந்தவர் நாட வேண்டியது திரையை அன்று, 108 ஊர்தியை.

என் கவலை வேறு. பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்க, பொத்தான் கைபேசியோடு வீட்டிலிருக்கும் பாட்டிக்கு இந்தத் திரை எப்படித் திறக்கும்? கடவுச்சொல்லை யார் படித்துச் சொல்வது? இரத்த அழுத்தத்தை யார் அளப்பது?

விடை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5இல், அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்த்து மாத்திரை கொடுப்பது அத்திட்டம். வீடு தேடி வரும் அந்தப் பணியாளரின் கையில் மருத்துவரின் திரையும் இருக்கட்டும். அளந்து சொல்ல ஒருவர் அருகிலிருந்தால், தொலைவிலுள்ள மருத்துவர் துணிந்து மருந்து எழுதுவார். ஆனால் திரை வந்துவிட்டது என்று காட்டி, சுகாதார நிலையத்து மருத்துவரின் நாற்காலியைக் காலியாக விடுவதை நாம் ஏற்கக் கூடாது.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, தெருவிலுள்ள ஒரு முதியவருக்கு உங்கள் கைபேசியை ஒரு மணி நேரம் கொடுங்கள். இணைப்புக் கிடைத்ததும் எழுந்து வெளியே செல்லுங்கள். அவர் நோயை அவரே மருத்துவரிடம் சொல்லட்டும். கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட இதுவும் ஒரு வழி.