இல்லாத காலில் ஏன் வலி?

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் வீதியில் தெல்லிப்பழை இருக்கிறது. 1990 இல் அவ்வூராரும் சுற்றுப்புறத்தாரும் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அப்பகுதியின் பெரும்பங்கு நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. 2009 இல் யுத்தம் முடிந்த பின் காணிகள் கொஞ்சங் கொஞ்சமாக விடப்பட்டன. வடக்கில் மிதிவெடியால் காலிழந்தவர்கள் பலர். மிதிவெடி தொடாத நம் ஊர்களில் அதே வேலையைச் சீனி வியாதி செய்துகொண்டிருக்கிறது.

கால் எடுக்கப்பட்டவர்களில் அநேகர் விசித்திரமான ஒரு முறைப்பாடு சொல்வார்கள். "பெருவிரல் கடுக்குது, பாதம் முறுக்குது" என்பார்கள். பாதமோ இல்லை! வீட்டார் முதல் நாள் இரக்கப்படுவார்கள். பத்தாம் நாள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "மனசு குழம்பிட்டு" என்பார் ஒருவர். ஜின் தீண்டிவிட்டது என்று தண்ணீர்ப் போத்தலோடு எம்மைப் போன்ற மௌலவிமாரிடம் வருபவர்களும் உண்டு. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் நோயாளியைப் பொய்யராக்கி விட்டால் அவர் சொல்வதை நிறுத்திக்கொள்வார், வலி நிற்காது.

சகோதரிகளே, அடுப்பிலிருக்கும் சட்டியில் தெரியாமல் கை பட்டால் என்ன நடக்கிறது? கை முதலில் விலகிவிடுகிறது. எரிவு பிறகுதான் தெரிகிறது. தோலிலிருந்து போகும் செய்தி, மெல்லிய மின் துடிப்பாக நரம்பு வழியே ஓடி, முள்ளந்தண்டு வடத்தைத் தொட்டு மூளைக்குப் போகிறது. கையை இழுக்கும் கட்டளையை முள்ளந்தண்டே கொடுத்துவிடுகிறது. செய்தி மூளையை அடைந்த பின்னர்தான் அது எரிவு ஆகிறது. மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒரு கலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. துடிப்பு அங்கே பெரும்பாலும் இரசாயனமாக மாறித்தான் தாண்டுகிறது. நாம் பார்ப்பதும் கேட்பதும் யோசிப்பதும் இந்த ஓயாத கைமாற்றத்தினால்தான். ஆக, வலி தெரிவது காலில் என்றாலும் அதை உணர்வது மூளையே.

கனடாவில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1930களில் இதைக் கண்ணால் கண்டார். மூளையைத் தொட்டால் வலிக்காது. ஆதலால் நோயாளி விழித்திருக்கவே அவர் மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் கொடுத்தார். ஓரிடத்தில் கொடுத்தால் "என் விரலில் என்னவோ படுகிறது" என்றார் நோயாளி. வேறோரிடத்தில் உதடு. இப்படி முழு உடம்புக்கும் மூளையில் ஒரு வரைபடம் இருப்பது தெரிந்தது. உதட்டுக்கும் விரல்களுக்கும் அதில் பெரிய இடம். முதுகுக்குச் சிறிய இடந்தான்.

கால் போனாலும் அந்த வரைபடத்தில் காலின் காணி போவதில்லை. விஷயம் இதுதான். தமிழ்க் குடும்பத்தில் 1951 இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களின் தொடக்கத்தில் கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இழந்த கையிலும் தொடுவது போலிருக்கிறது என்றார் அவர்! மூளையில் முகத்தின் இடமும் கையின் இடமும் அயல் காணிகள். ஆளில்லாத காணிக்குள் பக்கத்து வேலி நகர்ந்துவிட்டது என்றார் ராமச்சந்திரன். பிந்திய ஆய்வுகள், வேலி அவ்வளவு நகரவில்லை, பழைய காணி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்கின்றன. இரு கட்சியாரும் அந்த வலி மெய்யானது என்பதில் ஒன்றுதான்.

அவர் கண்ட வைத்தியம் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை மெதுவாக அசைக்க வேண்டும். இழந்த கால் அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்ல, சிலருக்கு முறுக்கு அவிழ்கிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, சிலருக்கு முதல் நாள் மனம் கலங்கவும் கூடும். வைத்தியரையோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரையோ கேட்டே தொடங்குங்கள். நரம்பு வலிக்கென்று மருந்துகளும் உண்டு.

"வுழூச் செய்யும்போது இல்லாத பாதத்தில் தண்ணீர் படுவது போலிருக்கிறதே" என்று கேட்பார்கள். இல்லாத உறுப்பைக் கழுவும் கடமை இல்லை. கழுவ வேண்டிய பகுதியில் எஞ்சியது இருந்தால் அதைக் கழுவினால் போதும்.

இரவில்தான் கவனம் தேவை. தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே நினைத்து எழுந்து ஊன்றி விழுபவர்கள் உண்டு. கட்டிலருகே ஊன்றுகோலும் ஒரு சிறு விளக்கும் இருக்கட்டும்.

தெல்லிப்பழையில் இன்று புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கிறது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நன்கொடையால் எழுந்தது அது. மார்பகம் அகற்றப்பட்ட பெண்களிலும் சிலருக்கு, அகற்றிய இடத்தில் அது இன்னும் இருப்பது போல் அரிப்போ வலியோ வரும். கால் போனவர் வாய்விட்டாவது சொல்கிறார். இவர்கள் வெட்கத்தால் தாயிடமும் சொல்வதில்லை. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அதை வைத்தியரிடம் சொல்ல அவரோடு கூடப் போங்கள்.