சட்டைப்பையில் ஒரு தாள்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி தார்ப்பாய் போடாமல் போனால், பின்னால் பைக்கில் வருபவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பெரம்பலூரில் தை, மாசி வந்தால் மக்காச்சோளம் அடிக்கும் தூசி. இங்கே இருக்கும் ஆஸ்துமாக்காரரிடம் ‘தூசியில் போகாதீங்க’ என்று சொன்னால் கேலி மாதிரிதான் கேட்கும். வேறு எங்கே போவார்?

நோயைத் தானே கையாளக் கற்றுக்கொடுப்பதைத்தான் சிகிச்சையின் பாதி என்பேன். நடப்பதோ வேறு. இழுப்பு வந்தால் ஓடிப்போய்ப் புகை வைத்து, ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். பம்ப் பிடித்தால் பழகிவிடும் என்ற பயம் வேறு. (அதில் போகும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்!) திணறும்போது மட்டும் சால்பியூட்டமால் அடிப்பது போதாது, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது.

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வருகிற அந்த அக்காவே, பம்பை ஒருமுறை பிடித்துக்காட்டச் சொல்லிப் பார்க்கலாமே. மூச்சை முழுக்க விட்டு, மெல்ல இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். கூடவே, மருந்தை எப்போது கூட்டுவது என்று டாக்டர் எழுதிய தாள் ஒன்று, தமிழில். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாதவருக்கு அதை விரித்துப் படிக்க நேரமிருக்காது. முதல் வரியிலேயே 108 இருக்கட்டும்.